சாரலில் நனைந்த ராடு: வெல்டிங் கேள்வி-பதில்

வள்ளியூர் வாசகர்: டிராக்டர் டிரெய்லரின் இழுவைக் கம்பி ஒரே இடத்தில் மூன்று முறை விட்டுவிட்டது. இன்னும் பலமான இரும்பு போடலாமா?

பலன் இருக்காது, அண்ணாச்சி. இது குலுங்கிக் குலுங்கி விழும் விரிசல். வெல்டிங்கின் ஓரத்தில்தான் பிறக்கும். அந்த இடத்தில் சாதா 250 கிரேடு இரும்பும் பலமான 500 கிரேடும் ஏறக்குறைய ஒன்றுதான். விரிசலை முழுக்கத் தோண்டி எடுத்து நிரப்புங்கள். ஓரத்தை, இழுவை ஓடும் திசையிலேயே கிரைண்டர் பிடித்து வழவழப்பாக்குங்கள். மேலே சதுரப் பட்டை வைத்து நாலு பக்கமும் அடைக்காதீர்கள். குறுக்கே ஓடும் அந்த வெல்டிங்தான் அடுத்த விரிசலுக்கு வாசல்.

அம்பாசமுத்திரம் வாசகர்: 6 மி.மீ. ஃபில்லெட், சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும்?

அசையாத பளு என்றால் சுமார் 450. மூலையில் முக்கோணமாக விழும் ஃபில்லெட்டின் கால், அதாவது பக்க அளவு 6, ஆனால் கணக்கு தொண்டைக்கு, அதாவது மூலையிலிருந்து மேற்பரப்புக்குள்ள குறுகிய தூரத்துக்கு. அது 4.2தான்.

பேட்டை வாசகர்: லாரி ஸ்பிரிங் பட்டையைப் பற்றவைக்கலாமா?

கூடாது. கார்பன் அரை சதவீதத்துக்கு மேல், வெல்டிங் ஓரம் இறுகிப் பிளக்கும். புதுசு போடுங்கள்.

செங்கோட்டை வாசகர்: மரமில் ஷாஃப்டை 7018 ராடு போட்டுப் பற்றவைத்தோம். அன்றைக்கு நன்றாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஓரத்தில் விரிசல். ராடு மட்டமா?

என்ன இரும்பு, எத்தனை கனம், முன்சூடு கொடுத்தீர்களா, எதையும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் ஊகித்துத்தான் சொல்ல முடியும். ஷாஃப்ட் என்பதால் இ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் இரும்பு என்று வைத்துக்கொள்கிறேன், கார்பன் 0.4 சதவீதம்.

ராடு மட்டமில்லை, ஈரம். குற்றாலச் சாரல் காலத்தில் உங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். தகரக் கூரை ஒழுகும் மூலையில் 7018 பாக்கெட் வாய் பிளந்து கிடந்தது. பாக்கெட் அட்டை ஈரத்தில் விரலோடு ஒட்டியது. அதிலிருந்தே ராடை உருவி ஹோல்டரில் மாட்டினார்கள். எனக்கு மனசு பதறியது. 7018-ஐ வாங்குவதே ஹைட்ரஜன் குறைவாக இருக்கும் என்பதற்காக. ஈரம் ஏறிய பூச்சு ஆர்க்கில் உடைந்து அதே ஹைட்ரஜனை உலோகத்துக்குள் தள்ளுகிறது. அது மெல்ல நகர்ந்து, வெல்டிங்கை ஒட்டி சூட்டில் இறுகிப்போன பகுதியில் சேரும். அங்கே கடினம், அதை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் 350-ஐத் தாண்டியிருந்தால் ஆபத்து அதிகம். வெல்டிங் ஆறிச் சுருங்கியதில் இழுவிசை அங்கே ஏற்கெனவே உறைந்து நிற்கிறது. அதனால்தான் அன்றைக்கே தெரியாமல் ஒன்றிரண்டு நாளில் பிளக்கிறது. முக்கியமான வேலையை 48 மணி நேரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும்.

ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்து, 120 டிகிரிப் பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துப் பற்றவையுங்கள். வெயிலில் காயப்போட்டால் இந்த ஈரம் போகாது. சாதாரண 6013 ராடுக்கு இந்தச் சூடு வேண்டாம், அதன் பூச்சு கெடும். ஷாஃப்டுக்கு 200 டிகிரி முன்சூடு கொடுங்கள். முடிந்ததும் காய்ந்த மணலில் புதைத்து ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஊற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பாளையங்கோட்டை மாணவர்: இழுத்துப் பார்த்தபோது தகட்டில்தான் அறுந்தது. வெல்டிங் பாஸா?

இழுவைக்குப் பாஸ், தம்பி. ஐ.எஸ். 2062 தரநிலையின் 250 கிரேடு தகட்டுக்கு இழுவை பலம் குறைந்தபட்சம் 410 மெகாபாஸ்கல். 7018 போட்ட உலோகம் 490-ஐத் தொடும். தகடு முதலில் போவது இயல்புதான். ஆனால் வேரில், அதாவது வெல்டிங்கின் அடியில், ஒட்டாமல் விட்டதை இழுவை எப்போதும் காட்டிக்கொடுக்காது. வேர்ப் பக்கம் வெளியே வரும்படி வளைத்துப் பாருங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: தூணுக்கு டி.எம்.டி. கம்பி நீளம் போதவில்லை, பற்றவைத்து நீட்டலாமா?

மேலடுக்காகச் சேர்த்துக் கட்டுங்கள், அது போதும். டி.எம்.டி.யின் பலம் வெளிவளையத்தில் இருக்கிறது. அதிகச் சூடு பட்டால் அது தளர்ந்துவிடும். ரிங்குக் கம்பி குறுக்கே வரும் இடத்தில் டாக் (புள்ளி வெல்டிங்) அடிப்பதையும் நிறுத்துங்கள், கட்டுக்கம்பி எதற்கு இருக்கிறது? பற்றவைத்தே தீரவேண்டிய இடம் என்றால் வளையும் தன்மை கூடிய 500டி கிரேடு, காய்ந்த ராடு, தண்ணீர் ஊற்றாமல் ஆறவிடுவது, மூன்றும் வேண்டும்.

உவரி வாசகர்: கேட்டில் வெல்டிங் இடம் மட்டும் முதலில் துருப்பிடிக்கிறதே?

வெல்டிங் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டாமல் பெயின்ட் அடித்திருப்பார்கள். அது உரிந்து வரும், உப்புக்காற்று உள்ளே புகுந்துவிடும். சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள்.