ஒல்லி உடம்பு என்றால் சர்க்கரை வராதா?

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 170 செ.மீ., எடை 64 கிலோ. கணினி முன் அமர்ந்து பார்க்கும் வேலை. கையும் காலும் குச்சிபோல இருக்கின்றன. வயிறு மட்டும் முன்னே வந்துவிட்டது. வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. ஜிம் பயிற்சியாளர் என்னை ‘எக்டோமார்ஃப்’ உடல்வாகு என்கிறார். இந்த வகையினருக்குக் கொழுப்பு சேராது, சர்க்கரை பயமும் இல்லை, சோற்றைக் கூட்டிக்கொண்டு எடை கூட்டும் பவுடரும் குடியுங்கள் என்கிறார். என் அப்பாவுக்கு 45 வயதில் சர்க்கரை வந்தது. பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கலாமா? சித்த மருத்துவத்தில் சொல்லும் வாத உடம்புதான் எக்டோமார்ஃபா?

பதில்: பவுடர் டப்பாவை முதலில் மூடி வையுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டவை இரண்டு: அந்த 94 செ.மீ., அப்பாவின் சர்க்கரை. உங்கள் உடம்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இருந்தாலும் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940இல் எக்டோமார்ஃப், மீசோமார்ஃப், எண்டோமார்ஃப் என்ற பிரிவுகளை வெளியிட்டார். கருவில் தோன்றும் மூன்று அடுக்குகளிலிருந்து எடுத்த பெயர்கள் அவை. குடல் உருவாகும் உள்ளடுக்கு மேலோங்கினால் உருண்டை உடம்பு (எண்டோமார்ஃப்), தசையும் எலும்பும் உருவாகும் நடு அடுக்கு மேலோங்கினால் கட்டான உடம்பு (மீசோமார்ஃப்), தோலும் நரம்பும் உருவாகும் வெளியடுக்கு மேலோங்கினால் மெலிந்த உடம்பு (எக்டோமார்ஃப்) என்பது அவர் கணக்கு. கல்லூரி மாணவர்களை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என நிர்வாணமாகப் படமெடுத்து, அந்தப் படங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டார். உடல்வாகைக் கொண்டு குணத்தையும் சொல்லிவிடலாம் என்று அடுத்த நூலில் எழுதினார். ஜெர்மனியில் மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் 1921லேயே இப்படி ஒரு முயற்சி செய்திருந்தார். இரண்டு பேருடைய குண ஜோசியத்தையும் இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது.

உடல்வாகு வாழ்நாள் முழுவதும் மாறாது என்பதும் ஷெல்டனின் வாதம். 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களுக்கு மாதக்கணக்கில் அரைவயிற்று உணவு கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களின் படங்களை காப்ரியேல் லாஸ்கர் என்ற மானுடவியலாளர் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தார். சாப்பாடு குறைந்ததும் அவர்களுடைய ‘வகை’யும் மெலிந்த பக்கம் நகர்ந்திருந்தது. மாறாத வகை என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது.

இன்னொன்றும் உண்டு. ஷெல்டன்கூட ஒருவரை ஒரே பெட்டியில் அடைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்றிலும் 1 முதல் 7 வரை மதிப்பெண் கொடுத்தார். பெரும்பாலோர் கலவைதான். பிற்பாடு பார்பரா ஹீத், லிண்ட்சே கார்ட்டர் இருவரும் 1967இல் இதை அளவெடுக்கும் முறையாகத் திருத்தினார்கள். விளையாட்டு அறிவியலில் இன்றும் பயன்படுவது அதுதான். மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ், இடுப்பெலும்புக்கு மேல் ஆகிய இடங்களில் தோல் மடிப்பைக் கிடுக்கி போன்ற கருவியால் பிடித்து அளப்பார்கள். முழங்கை, முழங்கால் எலும்புகளின் அகலத்தையும் அளப்பார்கள். எக்டோமார்ஃப் மதிப்பெண்ணுக்கு மட்டும் கருவி வேண்டாம், உயரமும் எடையும் போதும். உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். உயரத்தை எடையின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். 64இன் கனமூலம் 4. 170ஐ 4ஆல் வகுத்தால் 42.5. இதை 0.732ஆல் பெருக்கி 28.58ஐக் கழித்தால் ஏறத்தாழ 2.5 வருகிறது. அந்த அளவுகோலில் 2.5 வரை ‘குறைவு’, 3 முதல் 5 வரை ‘நடுத்தரம்’. அதாவது, பயிற்சியாளர் சொன்ன முறையின்படியே நீங்கள் எக்டோமார்ஃப் இல்லை! அவர் பார்த்தது உங்கள் சட்டைக் கையை, வயிற்றை அல்ல.

கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்த உடம்பு நம் நாட்டில் மிகச் சாதாரணம். புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யட்கின் இருவரும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். உங்கள் பி.எம்.ஐ.யும் 22தான். எடை மெஷின் உங்களைத் தேறியவர் பட்டியலில் சேர்க்கும். ஆனால் இந்திய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், பெண்களுக்கு 80. வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அது உங்களிடம் குறைவாக இருப்பதாகத் தெரிகிறது.

அளவை ஒருமுறை சரிபாருங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் படியுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்கள் நிறையப் பேர். டேப்பை ஏமாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிறகு வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கொழுப்பு அளவுகள், ஈரல் பரிசோதனை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. அதற்கு மேல் போனால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

உடல்வாகுக்கு ஓர் உணவுப் பட்டியல் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. எடை கூட்டும் பவுடர்கள் பலவற்றில் அதிகம் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். சோற்றைக் கூட்டாமல், சற்றுக் குறைத்து, அந்த இடத்தில் முட்டை, மீன், சுண்டல், பயறு, தயிர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளுக்கு 65 முதல் 80 கிராம் வரை புரதம் உங்களுக்குத் தாராளம்.

வாத உடம்பு பற்றிக் கேட்டீர்கள். சித்த மருத்துவத்தின் வாத, பித்த, கபப் பகுப்பு நாடி, செரிமானம், உறக்கம் எனப் பலவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. எலும்பு அகலத்தையும் தோல் மடிப்பையும் அளக்கும் கணக்கு வேறு. இரண்டிலும் மூன்று வகை இருக்கிறது என்பதற்காக முடிச்சுப் போட வேண்டாம்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் தரும் எடைப் பயிற்சி உங்களுக்குத் தேவையானதுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதைச் செய்யுங்கள், மற்ற நாட்களில் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். எடை கூடியிருந்து வயிறு குறைந்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.