உறை ஒட்டப்படாத கடிதங்கள்

கேள்வி: மட்டக்களப்பு இளைஞர்கள் கடிதங்களைப் பற்றி எடுத்த குறும்படம் ஒன்றைப் பார்த்தேன். சவூதியில் வேலை செய்யும் மகள் தாய்க்கு எழுதும் கடிதங்களைப் படம் முழுவதும் மகளின் குரலே வாசிக்கிறது. பலர் அழுதுவிட்டார்கள். வட்ஸ்அப் காலத்தில் நாம் இழந்த நெருக்கத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா?
- வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: முடியும். பார்த்தவர்களின் கண்ணீரைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தபாற்காரரின் வழி பார்த்திருந்த தாய்மார் நம்மிடையே ஏராளம். ஆனால் அந்தக் குரல் பொய்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கிராமங்களுக்கு மத்திய கிழக்கிலிருந்து வந்த கடிதங்களில் பல, எழுத்தறியாத தாய்மாருக்கு வந்தவை. அவற்றை வாசித்தது அயல்வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை. எசமானி அடித்தாள் என்ற வரிக்கு வந்ததும் பிள்ளை தயங்கி, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஏதோ விடுபட்டது என்று தாய்க்கு விளங்கினாலும், முற்றத்தில் நாலு பேர் இருக்கையில் அவள் அதைக் கேட்கமாட்டாள். பதில் எழுதுவதும் அதே பிள்ளைதான். மகள் அனுப்பிய காசைத் தகப்பன் குடித்தே அழித்ததை ஊரார் பிள்ளையின் கையால் எப்படி எழுதுவிப்பது? ஆகவே, இங்கு எல்லோரும் நலம் என்றே கடிதம் போகும். நம் குறும்படம் இந்த முற்றத்தில்தான் இருக்கிறது. இயக்குநர் அதைத் தாண்டி, தமிழ்ச் சினிமாவின் காதல் கடிதக் காட்சிக்குப் போய்விட்டார். மகளின் குரல்தான் வேண்டுமென்றால், கசட்டில் பேசிப் பதிந்து ஊர் திரும்புபவர் கையில் கொடுத்தனுப்பிய வழக்கமும் நம்மிடம் இருந்ததே.

தூரத்தையும் அவர் கடல் கடந்து மட்டுமே தேடியிருக்கிறார். மட்டக்களப்பு நகரத்துக்கும் வவுணதீவுக்கும் நடுவே இருப்பது வாவியும் வலையிறவுப் பாலமும்தான்; யுத்த காலத்தில் அந்தச் சிறு தூரம் இரண்டு நாடுகளின் எல்லை போலக் கிடந்தது. 1989 முதல் இலங்கையில் பணியாற்றிய சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு, தடுப்பில் இருந்தவர்களுக்கும் குடும்பங்களுக்கும் இடையே கொண்டுசென்ற செய்திப் படிவங்களில் குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், உறை ஒட்ட முடியாது, அதிகாரிகள் பார்த்த பின்பே அவை கைசேரும். அந்நியர் வாசிப்பார் என்று அறிந்தே மகனுக்கு எழுதிய தாயின் சொற்களைப் படமாக்க எவ்வளவு இருக்கிறது!

நெருக்கத்தை இழந்துவிட்டோம் என்பதையும் நான் ஏற்கவில்லை. குவைத்தில் இருக்கும் மகளின் முகத்தை அக்கரைப்பற்றில் இருக்கும் தாய் இன்று இரவிலேயே பார்க்கலாம். கன்னத்தில் வீக்கம் இருந்தால், மகள் மறைத்தாலும் தாய்க்குத் தெரிந்துவிடும். எசமான் கைபேசியைப் பறித்து வைத்தால்தான் பழைய மௌனம் திரும்புகிறது. அவளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருப்பது ஒப்பந்தமும், எசமான் கையில் இருக்கும் கடவுச்சீட்டும். அதற்கு வட்ஸ்அப்பின் மீது ஏன் பழி?

அந்த இளைஞர்களைச் சந்தித்தால் சொல்லுங்கள்: அடுத்த படத்துக்குக் கமராவைத் தூக்கும் முன், ஓய்வுபெற்ற தபாற்காரர்களிடமும், சிறுவயதில் ஊருக்கெல்லாம் கடிதம் வாசித்துக் கொடுத்தவர்களிடமும் போய், வாசிக்காமல் விட்ட வரிகள் எவை என்று கேட்கட்டும்.