‘விண்டோஸ் பென் டிரைவ்’ 4,500 ரூபா கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: உவர்மலையில் இருக்கிறோம். 2019இல் வாங்கிய லப்டொப், ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் இருந்தது. போன கிழமையிலிருந்து ஓன் பண்ணினால் கம்பனிச் சின்னம் வந்து, கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். விண்டோஸ் போய்விட்டது, ‘விண்டோஸ் 11 ஒரிஜினல் பென் டிரைவ்’ 4,500 ரூபா, போட்டுத் தர 2,500 ரூபா என்றார்கள். மகளின் ஏ.எல். நோட்ஸ் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

பதில்: வாங்க வேண்டாம் தங்கச்சி. மைக்ரோசொஃப்ட் பெட்டியில் அடைத்து விற்கிற விண்டோஸ் 11 ஹோமுக்கு அமெரிக்காவில் 139 டொலர் விலை, அதை 4,500 ரூபாவுக்கு யாராலும் தர முடியாது. உங்களுக்குக் காட்டியது மைக்ரோசொஃப்ட் தன் தளத்தில் யாருக்கும் இலவசமாகக் கொடுக்கிற ஃபைலை ஒரு பென் டிரைவில் ஏற்றியதாக இருக்கும், அல்லது அதற்குள் கிரேக், அதாவது லைசன்ஸ் இல்லாமலே ஓட வைக்கிற திருட்டு மென்பொருள், சேர்த்ததாக இருக்கும். இரண்டாவதுதான் எனக்குப் பயம். அந்தக் கிரேக் வேலை செய்ய வேண்டுமென்றால் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும், அதற்குப் பிறகு அந்த லப்டொப்பில் பாங்க் கணக்கைத் திறக்கவே கூடாது.

முக்கியமான விஷயம், லைசன்ஸ் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கிற லப்டொப்புகளில் கம்பனிகள் அந்த லைசன்ஸுக்கான கீயை (இரகசியக் குறியீட்டை) உள்ளே இருக்கிற பிரதான பலகையான மதர்போர்டிலேயே பதித்துத்தான் அனுப்புகின்றன. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலும் அது போகாது, மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல். நீங்கள் விலை கொடுத்து வாங்கியதற்கு இன்னொரு தடவை ஏன் காசு கொடுக்க வேண்டும்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதனால் 11க்குப் போவதுதான் சரி. உங்கள் எட்டாம் தலைமுறை ஐ5 அதற்கு ஏற்றது, ஹோமிலிருந்து ஹோமுக்குப் போனால் புதிதாகக் கீ எதுவும் கேட்காது.

ஆனால் முதலில் நோட்ஸ். கடையில் ‘ஃபோர்மட் பண்ணித் தாறோம்’ என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள், ஃபோர்மட் பண்ணினால் மகளின் இரண்டு வருட உழைப்பும் அதோடு போய்விடும். இரண்டு பென் டிரைவ் எடுங்கள், ஒன்று 16 ஜிபி, மற்றது நோட்ஸைக் காப்பி பண்ண. தெரிந்த யாருடையதாவது நல்ல கம்பியூட்டரில் உட்கார்ந்து லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓவை இறக்குங்கள், சுமார் 3 ஜிபி வரும். மின்ட் என்பது விண்டோஸ் போல ஒரு இலவச இயங்குதளம், பென் டிரைவிலிருந்தே ஓடும்; ஐஎஸ்ஓ என்பது அது முழுவதையும் அடக்கிய ஒரே ஃபைல். ரூஃபஸ் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, அதைத் திறந்து 16 ஜிபி பென் டிரைவையும் அந்த ஐஎஸ்ஓவையும் தெரிவு செய்து ஸ்டார்ட் கொடுத்தால் போதும். அந்த நேரம் வேறு எந்தப் பென் டிரைவும் எக்ஸ்டேர்னல் டிஸ்க்கும் அந்தக் கம்பியூட்டரில் செருகியிருக்கக் கூடாது, பிழையான டிரைவைத் தெரிவு செய்தால் அதில் உள்ளது முழுக்க அழிந்துவிடும்.

வெறுமனே ஐஎஸ்ஓ ஃபைலைப் பென் டிரைவுக்குள் காப்பி பண்ணிவிட்டு ‘பூட் ஆகவில்லை’ என்று எழுதுகிறவர்கள் பலர். மெஷின் எழும்பும்போது தேடுகிற பூட் ஃபைல்கள் அந்த ஐஎஸ்ஓவுக்குள்ளே மூடிக் கிடக்கின்றன, அவற்றை வெளியே எடுத்து முறைப்படி அடுக்குவதுதான் ரூஃபஸ் செய்கிற வேலை.

பிறகு அதை உங்கள் லப்டொப்பில் செருகி, ஓன் பண்ணிய உடனேயே, எதிலிருந்து எழும்புவது என்று கேட்கிற பூட் மெனுவுக்கான கீபோர்ட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசுஸ் லப்டொப் என்றால் எஸ்கேப். வருகிற பட்டியலில் பென் டிரைவைத் தெரிவு செய்தால், டிஸ்க்கில் எதையும் தொடாமல் மின்ட் நேராகத் திறக்கும். அதில் ஃபைல்களைத் திறந்து நோட்ஸை மற்றப் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். டிஸ்க் பூட்டியிருக்கிறது என்று பாஸ்வேர்ட் கேட்டால் அது பிட்லொக்கர், அதற்குரிய 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் இருக்கும், ஃபோனிலேயே போய்ப் பார்க்கலாம். காப்பி இடையிடையே நிற்கிறது, அல்லது டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது என்றால் டிஸ்க்தான் பழுது, உடனே ஓஃப் பண்ணிவிட்டு டேட்டா மீட்கிறவர்களிடம் கொண்டுபோங்கள். அப்படிப் பழுதான டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுப் பயனில்லை.

நோட்ஸ் வெளியே வந்துவிட்டதா, சரி, இனி விண்டோஸ். அதே 16 ஜிபி பென் டிரைவ் போதும், குறைந்தது 8 ஜிபி என்பதுதான் மைக்ரோசொஃப்டின் கணக்கு. அவர்களுடைய தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இருக்கிறது, அது தானே இறக்கித் தானே எழுதும். டேட்டா 5 ஜிபிக்கு மேல் போகும், இரவுப் பொதி இருந்தால் அதை வைத்து இறக்குங்கள். போடும்போது கீ கேட்டால் ‘ஐ டோன்ட் ஹேவ் எ புரடக்ட் கீ’, எடிஷன் கேட்டால் ஹோம். புரோ கொடுத்தால் உங்கள் லைசன்ஸ் பொருந்தாது. நடுவில் வைஃபை பிடிக்கவில்லை என்று நின்றால் ஃபோனைக் கேபிளால் இணைத்து, ஃபோனின் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுக்கிற யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், அந்தத் தடை நீங்கிவிடும்.

இதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமென்றால் கடைக்கே கொண்டுபோங்கள், உழைப்புக்குக் கூலி கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் நோட்ஸைக் கையில் எடுத்த பிறகு போங்கள், பென் டிரைவ் வேண்டாம், என் லைசன்ஸிலேயே போடுங்கள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். பூட் பண்ணுவதற்கென்று மலிவாக ஒரு 128 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன். விண்டோஸ் பாதியில் பிழை காட்டி நிற்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது தம்பி. ஒரு நடைபாதைக் கடையில் 128 ஜிபி என்று வாங்கினேன், எழுதும்போது ஒரு குறையும் காட்டவில்லை, போடும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் 0x80070570 என்று வந்து நின்றது. ஃபைல் பழுது என்று அர்த்தம். இரண்டு இரவு ஐஎஸ்ஓவைத் திரும்பத் திரும்ப இறக்கினேன். கடைசியில் பார்த்தால் உள்ளே இருந்தது வெறும் 4 ஜிபி சிப், 128 என்று பொய் சொல்லும்படி செய்து வைத்திருந்தார்கள். 4 ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் எங்கேயும் பதியவே இல்லை.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவை நிரப்பி, திரும்ப வாசித்து, உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும். யூஎஸ்பி 2 என்றால் மணிக்கணக்கில் ஓடும், ஓட விடுங்கள். அதன் முடிவை ஃபோனில் படம் எடுத்து, பில்லோடு போய்க் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அப்பவும் மறுத்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். பில் வாங்கவில்லையா, கடைப் பெயரையும் வாங்கிய திகதியையும் இன்றைக்கே எழுதி வையுங்கள், பென் டிரைவையும் அதன் அட்டையையும் எறிந்துவிடாதீர்கள்.