உரியாவின் பெயரை ஏன் மறைக்கவில்லை?

கேள்வி: தாவீது ராஜா தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளிடம் நடந்துகொண்டதையும், பிறகு உரியாவைக் கொல்லவைத்ததையும் வேதாகமத்தில் இவ்வளவு விவரமாக எழுதியிருக்க வேண்டுமா? ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவே கூச்சமாக இருக்கிறது. விட்டிருந்தால் தேவ நாமம் தூஷிக்கப்படாமல் இருந்திருக்குமே?

பதில்: தேவ நாமத்தைப் பற்றிய உங்கள் கவலை புரிகிறது. ஆனால் தேவனுக்கு அந்தக் கவலை இல்லையே! 2 சாமுவேல் 12:14-ஐ மறுபடி வாசியுங்கள். கர்த்தருடைய சத்துருக்கள் தூஷிக்கக் காரணம் என்று, தாவீதைக் கண்டிக்க வந்த தீர்க்கதரிசி நாத்தான் எதைச் சொல்கிறார்? தாவீது செய்த காரியத்தை. அதை எழுதிவைத்ததை அல்ல. நாம்தான் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். தப்பு செய்தவரை விட்டுவிட்டு, வெளியே சொன்னவரைப் பார்த்து 'சபையின் பேரைக் கெடுக்கிறாய்' என்கிறோம்.

நீங்கள் உரியாவின் பக்கம் நின்று பாருங்கள். அவன் ஏத்தியன், அந்நிய இனத்தான். போர்க்களத்திலிருந்து வரவழைக்கப்பட்டும் வீட்டுக்குப் போகாமல் அரண்மனை வாசலில் படுத்துக்கொண்டவன். தன்னைக் கொல்லச் சொல்லும் கடிதத்தைத் தானே படைத்தலைவன் யோவாபிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். கொன்றவன் ராஜா. அப்புறம் யாரிடம் போய் வழக்குச் சொல்வது? இதைச் சொல்லும் 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தை நீக்கிவிட்டால் தாவீதின் பேர் தப்பும், உரியா இரண்டாம் முறை சாவான். அவனுக்கு நியாயம் செய்யாத தேவனை நீதிபரர் என்று எப்படிச் சொல்வது?

தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் 2 சாமுவேல் 23-இல் இருக்கிறது. கடைசிப் பெயரைப் பாருங்கள்: ஏத்தியனாகிய உரியா. ஆக முப்பத்தேழு பேர். மத்தேயு முதல் அதிகாரத்திலும், இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே, பத்சேபாள் என்ற பெயர் இல்லை. 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்றுதான் இருக்கிறது. எத்தனையோ தலைமுறை கழித்தும் அந்தக் கணக்கு மூடப்படவில்லை.

சரி, நீங்கள் கேட்டபடியே எழுதிய புத்தகமும் வேதாகமத்துக்குள் இருக்கிறது. 1 நாளாகமம் 20-ஆம் அதிகாரம், தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, நேரே ரப்பா பட்டணம் பிடிபட்ட செய்திக்குப் போய்விடுகிறது. பத்சேபாள் பேச்சே இல்லை. ஆனாலும் அதே புத்தகத்தின் 11-ஆம் அதிகாரப் பட்டியலில் உரியா இருக்கிறான். சாமுவேலின் புத்தகத்தையும் யாரும் தூக்கிப் போடவில்லை.

தாவீதே அதை மறைக்க நினைக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் தொடுகிறது, முதலில் மறைக்கப் பார்த்தவன்தான் என்றாலும். 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பை நாம் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். பத்சேபாளின் பெயர், நாத்தான் வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. அதை அவன் இராகத்தலைவனிடம் ஒப்புவித்ததாகவும் இருக்கிறது. அதாவது, ஒரு ராஜாவின் பாவ அறிக்கை ஜனங்கள் கூடிப் பாடும் பாட்டாயிற்று.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டாம், வயது வரட்டும். ஆனால் தாவீது ஒரு குறையும் இல்லாத ராஜா என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லுங்கள்: ஏழையின் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்து, அவனுக்கு மகளைப்போல இருந்த குட்டி. ஐசுவரியவான் அதைப் பிடுங்கிக்கொண்டதும், 'அந்த ஏழை அப்புறம் என்ன ஆனான்?' என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அப்போது உரியாவின் பெயரைச் சொல்லுங்கள்.