அந்தத் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டாம், அம்மா

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை மகளோடு வந்திருந்தபோது, அவளுடைய எம்.எஸ்சி. புராஜெக்ட் தாளை என் மேசையில் எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தீர்கள். பக்கத்தில் வேறொரு அப்பாவும் பையனும் காத்திருந்தார்கள், அதனால்தான் என்று புரிந்தது. விந்தகத்துக்குள் சுரக்கும் பெப்டைடுகள் என்ற சின்னப் புரதத் துண்டுகள் ஹார்மோன் உற்பத்தியை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதுதான் தலைப்பு. "சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சார் சொல்றது? இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு வேலையைப் பற்றி மட்டும் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களை உறுத்தியது முதல் கேள்விதான் என்று அப்புறம்தான் உறைத்தது.

பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான்: மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. விந்தகத்திலுள்ள லீடிக் செல்கள் அதைப் பெற்று, கொலஸ்ட்ராலை ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகின்றன. 1850இல் ஃபிரான்ஸ் லீடிக் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்ன செல்கள் அவை. ஆனால் இது பாதிக் கதைதான். சிலிண்டர் வெளியிலிருந்து வருகிறது, சரி. அடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் பக்கத்தில் நிற்பவர் கையில்தானே இருக்கிறது? லீடிக் செல்லுக்குப் பக்கத்தில் அப்படி நிற்பவை, விந்தணு வளரத் துணைநிற்கும் செர்டோலி செல்கள். இன்ஹிபின், ஆக்டிவின் என்று இரண்டை அவை சுரக்கின்றன. பெப்டைடு வகையில் இவை பெரியவை, புரதம் என்றே சொல்லலாம். இரண்டுக்கும் ஒரு துண்டு பொது, ஜோடி சேரும் மற்ற துண்டுதான் வேறு. விந்தகச் செல்களை வளர்த்துச் செய்த சோதனைகளில், எல்.எச். கொடுத்தபோது இன்ஹிபின் சேர்ந்தால் ஆண் ஹார்மோன் கூடியது, ஆக்டிவின் சேர்ந்தால் குறைந்தது. ஜோடி மாறியதும் வேலையே தலைகீழாகிவிடுகிறது. உங்கள் மகள் இதைச் சொல்லும்போது அவள் கண் விரிந்ததை நீங்கள் பார்க்கவில்லை, உங்கள் பார்வை அந்தத் தாளின் மேலேயே இருந்தது.

பிட்யூட்டரியை எல்.எச். அனுப்பத் தூண்டுவதற்காக மூளை சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற சின்ன பெப்டைடின் கதை இதைவிடச் சுவையானது. அதன் அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக ஷாலி, கியமான் இருவருக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. எலியின் லீடிக் செல்லிலும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. சில மணி நேரம் கொடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் கூடும், நாள்கணக்கில் கொடுத்தால் குறையும். எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆராய்ச்சிக்கு இன்னும் இடம் இருப்பதும் அதனால்தான்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். குழந்தை இல்லாத வீட்டில் யாரைப் பேசுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் கோயில் கோயிலாக நடப்பதும் மாத்திரை விழுங்குவதும் மருமகள்தான். ஜிம்முக்குப் போகும் பையன்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி எல்.எச். அனுப்புவதைக் குறைத்துவிடும். விந்தகத்துக்குள் வழக்கமாக ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். "என் பொண்ணு ஆண்களுக்கு வர்ற குழந்தையின்மையைப் பத்திப் படிக்கிறா" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் தனியாக வந்து விசாரிக்கிறார்கள் என்று தெரியும்.

சரி, வேலை. இந்தத் தலைப்புக்கென்று எந்த நிறுவனமும் விளம்பரம் கொடுக்காது. அவள் கையில் ஏறும் தொழில்தான் சோறு போடும். எலியின் விந்தகத்தின் மேலுறையை உரித்து, கொலாஜனேஸ் நொதியில் போட்டு, 34 டிகிரி தண்ணீரில் மெதுவாகக் குலுக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் அது இடியாப்பம் பிரிவதுபோல நூல் நூலாகப் பிரியும். நூல்கள் அடியில் தங்கிவிடும், மேலே கலங்கலாக நிற்கும் நீரில்தான் லீடிக் செல்கள் இருக்கும். அவற்றைத் தனியே எடுத்து, எல்.எச். சேர்த்துச் சில மணி நேரம் வைத்திருந்து, எவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் வந்தது என்று எலைசா என்ற சோதனையில் அளக்க வேண்டும். செல் வளர்ப்பு, எலைசா, மரபணுச் செயல்பாட்டை அளக்கும் ரியல் டைம் பி.சி.ஆர். ஆகிய மூன்றையும் பிறர் துணையில்லாமல் செய்யத் தெரிந்தவளுக்கு மருந்து நிறுவனத்திலும் பரிசோதனைக் கூடத்திலும் கதவு திறக்கும்.

ஆராய்ச்சிக்கே போகிறாள் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். நிறுவனத்தில் இதற்கென்றே என்டோகிரைனாலஜி, அதாவது ஹார்மோன்களைப் படிக்கும் துறை இருக்கிறது. மும்பை பரேலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பிஎச்.டி. முடிந்ததும் நிரந்தர வேலை வரிசையில் நிற்காது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'மூன்றே மாதத்தில் எம்பிரியாலஜிஸ்ட்' (செயற்கைக் கருத்தரிப்புக் கூடத்தில் கருவைக் கையாள்பவர்) ஆகலாம் என்று சொல்லி லட்சக்கணக்கில் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த வேலைக்கான தகுதி விதிகளில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. குறுகிய காலச் சான்றிதழை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

அந்த புராஜெக்டுக்கு அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்துவிட்டதா? நான் அனுப்பிவைத்த மாணவன் ஒருவன் "வந்துடும்" என்ற பேச்சை நம்பி, ஆறு மாத புராஜெக்டில் நான்கு மாதத்தை எலிக்காகக் காத்தே கழித்தான். அன்றைக்கு அவனை அதைக் கேட்கச் சொல்லாதது என் தவறு. அனுமதி வரவில்லை என்றால் லீடிக் செல் வகையைச் சேர்ந்த, ஆய்வகத்திலேயே வளர்த்துவரும் எம்.ஏ.-10 என்ற சுண்டெலிச் செல்களில் வேலையை ஆரம்பிக்க முடியுமா என்று கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் நான் இருப்பேன். அனுமதிக் கடிதத்தின் நகலோடு இருவரும் வாருங்கள்.