இரண்டாவது என்றால், முதலாவது எது?

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கோவையின் குடிநீரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அதில் ‘சுவையில் உலகிலேயே இரண்டாவதான சிறுவாணி நீர்’ என்று ஒரு வரி வருகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “அப்படீன்னா மொதலாவது எதுங்க சார்?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். எங்கும் இதே வரி இருந்ததே தவிர, முதலாவது எது, யார் குடித்துப் பார்த்துச் சொன்னார்கள் என்ற விவரம் எதிலும் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் உங்கள் கட்டுரையையே ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். மறுநாள், அச்சில் வருவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்று வகுப்பில் சொன்னேன். அவள் விடவில்லை. “பாடப் புத்தகத்தையும் நம்பக் கூடாதுங்களா?” என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. அது தவறு என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் அது சரி என்று சொல்ல என் கையில் எதுவும் இருக்கவில்லை. எழுதுகிறவளுக்கு அதுவே போதுமான குற்றம். உங்கள் மாணவியின் கேள்வியைப் படித்த அன்று இரவு, அந்த வரி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எந்தப் புத்தகமும் நினைவுக்கு வரவில்லை. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் என் அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, “குடிச்சுப் பாருங்க, சிறுவாணித் தண்ணி, உலகத்துலயே ரெண்டாவதுங்க” என்று சொல்வதுதான் நினைவுக்கு வந்தது. நான் அதைச் செய்தியாகப் படித்திருக்கவில்லை. விருந்தோம்பலின் ஒரு பகுதியாகக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அதனால்தான் அதைச் சோதிக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நம் ஊரைக் குறைத்துச் சொன்னால் உடனே ஆதாரம் கேட்கிற நாம், உயர்த்திச் சொன்னால் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

அந்த ‘இரண்டாவது’ என்ற சொல்லையும் சற்று நின்று பாருங்கள். உலகிலேயே முதலாவது என்று சொல்லியிருந்தால், சொந்த ஊர்ப் பெருமை பேசுகிறார்கள் என்று கேட்பவர் சிரித்துக்கொண்டே கடந்து போயிருப்பார். இரண்டாவது என்றதும், எங்கோ ஒரு பட்டியல் இருப்பதைப் போலவும், அதில் யாரோ நடுநிலையாக நம்மை ஓரிடம் தள்ளி வைத்திருப்பதைப் போலவும் ஓர் எண்ணம் உண்டாகிவிடுகிறது. அடக்கமான எண் என்பதாலேயே அதை நம்புகிறோம். பட்டியல் எங்கே என்று கேட்க எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வேண்டியிருந்தது.

என் கட்டுரையே ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நான் கேட்டதை எழுதினேன். என்னைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். நாளை நானே தேடினால் அவர் எழுதியது எனக்குச் சான்றாக வந்து நிற்கும். நூறு பேர் சொன்னால் நூறு சான்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நூறு பேரும் ஒரே வாயிலிருந்து கேட்டிருந்தால் இருப்பது ஒரு சான்றுதான். அந்த ஒரு வாயும் யாருடையது என்று தெரியாதபோது அதுவும் இல்லை.

இப்படிச் சொல்வதால் சிறுவாணியின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. அந்த அணை பாலக்காடு மாவட்டத்தில், கேரள எல்லைக்குள், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கோவைக்குத் தண்ணீர் வருகிறது. இதைப் போய்ப் பார்க்க முடியும். காட்டில் பெய்த மழை, பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்காமல் அணையில் சேர்வதால் அதில் கரைந்த உப்புகள் குறைவு. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரோ ஆழத்தில் பாறையோடு கிடந்து, சுண்ணாம்புச் சத்தையும் பிறவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர அளவு சொல்கிறது. இதை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. கருவி இல்லாவிட்டாலும் அடுப்படியே போதும். உப்புத் தண்ணீரில் போட்ட துவரம்பருப்பு மூன்று விசில் வந்த பிறகும் விரலுக்கு நடுவே நசுங்காமல் நிற்பதையும், வெந்நீர் போடும் குண்டானின் அடியில் வெள்ளையாகப் பொரிந்து பிடிப்பதையும் கொங்கு நாட்டில் பார்க்காத வீடு குறைவு. ‘நல்ல தண்ணி’ என்ற சொல்லுக்கு நம்மிடம் பொருள் இருக்கிறது. உலகப் பட்டியல் எதுவும் அதற்குத் தேவையில்லை.

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மஞ்சள் வெள்ளாமை செய்தவர். சிறு வயதில் அவரோடு ஈரோட்டு மண்டிக்குப் போயிருக்கிறேன். அங்கே வியாபாரி, மாதிரிக்கு வைத்த குவியலிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுப்பார். அதன் பளபளப்பைப் பார்த்துவிட்டு அத்தோடு விடமாட்டார். காதருகே வைத்து முறிப்பார். நன்றாகக் காய்ந்த மஞ்சள் கணீரென்று முறியும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். பிறகு முறிந்த வாயைக் காட்டி உள்நிறத்தைப் பார்ப்பார். தோலின் மேல் நிறத்தை ஏற்றிவிடலாம். உள்ளே ஏற்றுவது கடினம். அவர் முறித்தபோது அப்புச்சி கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. தன் சரக்கின் மேல் நம்பிக்கை உள்ளவர் என்பதால், இன்னொன்றையும் எடுத்து முறிக்கச் சொல்லி நீட்டுவார். ஒரு செய்தியைச் சொல்கிறவரிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த நீட்டலைத்தான். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நான் சொன்னால், சென்னையில் உள்ள பதிவகத்தின் பதிவேட்டில் நீங்கள் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘உலகில் இரண்டாவது’ என்பதில் முறித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை.

ஆனால் உங்கள் மாணவியிடம் நீங்கள் சொன்ன பதிலை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. எதையும் நம்பாதே என்று சொல்வது, எல்லாவற்றையும் நம்பு என்பதைப் போலவே உழைப்பில்லாத வழி. சந்தேகமும் தன் பங்குக்குச் சற்று மெனக்கெட வேண்டும். தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட நாள் 1805 ஜூலை 31 என்று படித்திருக்கிறோம். ஈரோடு மாவட்டத்து ஓடாநிலையில் அவர் நினைவு நாளைக் கொண்டாடுவதோ ஆடி 18 அன்று. அது இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வருகிறது. வெகுகாலம், இவற்றில் ஒன்று பிழை என்றே எண்ணியிருந்தேன். ஆடிப்பெருக்கு வசதியான நாள் என்பதால் மக்கள் இதையும் அதோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஒருமுறை மேடையிலும் பேசியிருக்கிறேன். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் தமிழ் ஆண்டு ஆங்கில ஆண்டைவிட 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம். இரண்டு நூற்றாண்டுகளில் அது ஏறத்தாழ மூன்று நாள் ஆகிவிடும். விவேகானந்தர் 1863 ஜனவரி 12 அன்று பிறந்தார். அன்று மகர சங்கராந்தி. இன்று நமக்குப் பொங்கல் 14 அல்லது 15இல் வருகிறது. அதே நகர்வை இன்னும் அரை நூற்றாண்டு பின்னோக்கிக் கொண்டுபோனால், 1805இல் ஆடி 18 ஜூலை மாதக் கடைசியை ஒட்டி விழுகிறது. ஏட்டில் உள்ள தேதியும் ஊர் நினைவில் வைத்திருந்த நாளும் சண்டையிடவே இல்லை. ஊர் மக்களின் நினைவைப் பிழை என்று மேடையேறிச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பாடப் புத்தகத்தைப் பற்றி அவள் கேட்டதற்கு வருகிறேன். புத்தகத்தின் பின்பக்கங்களை அவளையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். யார் எழுதினார்கள், யார் மேலாய்வு செய்தார்கள் என்று பெயர் பெயராக அச்சிட்டிருக்கும். முன்பக்கத்தில் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று இருக்கும். பிழை இருந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும். கேட்டுத் திருத்திய பதிப்பும் வரும். அதனால் அதைத் தாராளமாக நம்பிப் படிக்கலாம். படிக்கும்போது இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டும் படிக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் வந்து, எல்லோருக்கும் உடனே அனுப்பச் சொல்லும் செய்திக்கு இந்த மரியாதையைக் கொடுக்க வேண்டியதில்லை.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரு புட்டியில் சிறுவாணி நீர், இன்னொன்றில் உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலைச் சொட்டிக் குலுக்கி, நுரை எவ்வளவு உயரம் வருகிறது என்று அளவுகோல் வைத்து அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். நாளையும், நீர் எடுத்த இடத்தையும், தன் பெயரையும் அதில் அவள் குறிக்கட்டும்.

கட்டுரையில் அந்த வரியை இன்று மாற்றிவிட்டேன். ‘கரைந்த உப்புகள் குறைந்த, மென்மையான சிறுவாணி நீர்’ என்று இப்போது இருக்கிறது. பழைய வரி என்னவாக இருந்தது, ஏன் நீக்கினேன், ஓர் எட்டாம் வகுப்பு மாணவி என்ன கேட்டாள் என்பதையும் அதன் கீழேயே எழுதி வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டுங்கள்.

அன்புடன்.