சமூகப் பணிக்குப் பணம் கேட்கப் போகுமுன்: வாசகர் கேள்வி பதில்

நாங்கள் மூன்று பேர் இரண்டு ஆண்டுகளாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒரு கம்பெனியில் சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் லாபத்தில் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்) கேட்டோம். "சி.எஸ்.ஆர்.-1 இருக்கிறதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் தொடங்க வேண்டியது அறக்கட்டளையா, சங்கமா? – வாசகி, மேலூர்

சி.எஸ்.ஆர்.-1 என்பது இந்த நிதியை வாங்க ஓர் அமைப்பு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் பதிவு. மூன்று பேர் என்பதால் அறக்கட்டளைதான் உங்களுக்குச் சுலபம். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். இதை இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டுப் பிறகு அபராதத்தோடு அலையும் சங்கங்கள் ஏராளம். அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். ஆனால் பத்திரத்தை வேறொருவருடையதைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள், பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அதில்தான் பிறக்கிறது.

பத்திரத்தில் மூன்று இடங்களை வரி வரியாகப் படியுங்கள். முதலாவது, பயனாளிகள் யார் என்பது. ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தினருக்கோ மட்டும் என்று எழுதினால், நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி கிடைக்காது. இரண்டாவது, கலைப்பு விதி. அறக்கட்டளை கலைந்தால் மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போகும், நிறுவியவருக்குத் திரும்பாது என்று இருக்க வேண்டும். மூன்றாவது, அறங்காவலர்கள். கணவன், மனைவி, மைத்துனர் என்று ஒரே வீட்டுப் பெயர்களாக இருந்தால் சட்டம் தடுக்காது, ஆனால் பணம் தருகிறவர் தயங்குவார். வெளியாள் ஒருவராவது இருக்கட்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வங்கியில் வேலை பார்த்தவர் என்று ஊரில் நம்பிக்கையானவரைச் சேருங்கள்.

பதிவுக்குப் பின் செல்லும் வரிசை இது: அறக்கட்டளையின் பெயரில் பான் அட்டை, இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அடையாள எண், கடைசியாக சி.எஸ்.ஆர்.-1. வரிசையைக் குலைத்தால் ஒவ்வொரு படியிலும் திரும்பி வருவீர்கள். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. எல்லோரும் பேச்சில் இன்னும் 12ஏ, 80ஜி என்றே சொல்கிறார்கள், ஆடிட்டரிடம் புதுப் படிவ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தற்காலிகப் பதிவு கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முறையான பதிவுக்குத் தனியாக, கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாளைத் தவறவிட்ட அறக்கட்டளைகள் வரிவிலக்கை இழந்து நிற்கின்றன.

சி.எஸ்.ஆர்.-1 கையில் வந்தாலும் உடனே பணம் வராது. கம்பெனி தான் தொடங்காத ஒரு அமைப்பு வழியாகச் செலவிட வேண்டுமென்றால், அந்த அமைப்புக்கு 3 ஆண்டுப் பணி அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இன்றிலிருந்தே வருகைப் பதிவேடு, வரவு செலவு நோட்டு, படங்கள், பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கே ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தில் தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கேட்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நன்கொடை நேராகப் பள்ளியின் தேவைக்குப் போகிறது, உங்கள் பதிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தக் கம்பெனியைக் கேட்பது என்பதற்கும் வழி இருக்கிறது. நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அவர்களின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். இணைப்பு என்று ஒரு பகுதி இருக்கும். எந்த மாவட்டத்தில், எந்த வேலைக்கு, யார் வழியாக, எவ்வளவு என்று பல கம்பெனிகள் அதில் போட்டிருக்கும். மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் என்று வருகிற கம்பெனிகளை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிட இந்த ஐந்தாறு பேர் போதும்.

திட்ட அறிக்கையில் ஆசிரியர் சம்பளம் காட்டினால் வெட்டிவிடுகிறார்கள். பட்ஜெட்டை எப்படி எழுதுவது? – வாசகர், வாடிப்பட்டி

சம்பளம் என்பதற்காக வெட்டுவதில்லை. "பணியாளர் செலவு 3 லட்சம்" என்று ஒரே வரியில் போட்டால் வெட்டத்தான் செய்வார்கள். எண்ணிக்கையை விரித்து எழுதுங்கள். இரண்டு மையம், மையத்துக்கு 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆசிரியர் இருவர், மாதம் ரூ.8,000, 11 மாதம்: 1,76,000. பகுதி நேர ஒருங்கிணைப்பாளர் ரூ.10,000, 12 மாதம்: 1,20,000. நோட்டு, பாடப்பொருள் 60 பிள்ளைகளுக்குத் தலைக்கு ரூ.600: 36,000. இரண்டு இட வாடகை மாதம் ரூ.2,500 வீதம்: 60,000. மாலைச் சுண்டல் தலைக்கு ரூ.10, 200 நாள்: 1,20,000. பயணம் மாதம் ரூ.1,500: 18,000. தணிக்கைக் கட்டணம்: 15,000. மொத்தம் 5,45,000. தலைக்கு ஏறத்தாழ 9,080.

இதில் சுண்டலைப் பாருங்கள், ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்குச் சமம். பெரும்பாலோர் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு, மூன்றாவது மாதமே கைக்காசைப் போடுகிறார்கள். தணிக்கைக் கட்டணமும் அப்படித்தான், சின்னத் தொகை என்று விட்டுவிட்டு மார்ச்சில் தேடுகிறார்கள். வாடகையை ஊர்க்காரர் யாராவது ஏற்றால் அதை "உள்ளூர்ப் பங்கு 60,000" என்று காட்டி, 4,85,000 மட்டும் கேளுங்கள். ஊரும் பங்கு போட்டிருக்கிறது என்பதைத் தருகிறவர் மதிக்கிறார்.

பணம் தவணையில்தான் வரும். இரண்டாம் தவணை, முதல் தவணையின் செலவுச் சான்றிதழ் போன பிறகுதான் வரும், அதில் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அந்த மாதங்களில் ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாமல் நின்றுபோன மையங்கள் பல. ஒப்பந்தத்துக்கு முன்பே முதல் தவணை 50 சதவீதத்துக்குக் குறையாமல் கேளுங்கள், இரண்டு மாதச் சம்பளத்தைத் தனியே வையுங்கள். ரூ.5,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதில் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ரூ.10,000க்கு மேல் ரொக்கம் வேண்டவே வேண்டாம், வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது.

"படிப்பு முன்னேறியது" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜூனில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை அதே பிள்ளைகளைச் சோதியுங்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படியில் வாசிப்பைச் சோதிக்கும் அசெர் தாள் தமிழில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். எத்தனை பேர் சொல்லிலிருந்து பத்திக்கு ஏறினார்கள் என்ற ஒற்றை எண், பத்துப் பக்க வருணனையைவிடக் கனமானது.

எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வார இளைஞர்கள் சேர்ந்து 1,80,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். இன்னும் பணம் வேண்டும். யாரிடம் கேட்பது? – வாசகர், உசிலம்பட்டி

பணத்துக்கு முன், கண்மாய் யாருடையது என்று கேளுங்கள். பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி தருகிற அலுவலகம் இதை வைத்தே மாறும். அனுமதி இல்லாமல் ஜே.சி.பி.யை இறக்கினால் மண் திருட்டு என்று வழக்கு வரும். எவ்வளவு நல்ல எண்ணமும் அந்த இடத்தில் உதவாது.

அடுத்தது அளவு. 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் தோண்டினால் 1,000 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 353 யூனிட். அள்ளிய மண் பொங்கும், கால் பங்கு கூட்டினால் சுமார் 440 யூனிட், இரண்டு யூனிட் டிப்பரில் 220 நடை. இந்தக் கணக்கோடு மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். செலவில் பெரும்பகுதி தோண்டுவதில் இல்லை, சுமப்பதில் இருக்கிறது. அதனால் வண்டல் வேண்டும் என்கிற விவசாயிகளை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024இல் அரசு விதியைத் தளர்த்தியது. அவரவர் டிராக்டரில் அவரவர் ஏற்றிக்கொண்டால் உங்கள் 1,80,000 இரட்டிப்பு வேலை செய்யும்.

தோண்டுகிற இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள், இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மடை மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், நிலத்தடி நீருக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். கரையை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். அடியில் இருக்கும் களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் தேங்கிய தண்ணீர் சீக்கிரமே உள்ளே இறங்கிவிடும். இதையெல்லாம்விட முக்கியமானது வரத்துக் கால்வாய். படத்துக்கு அழகாக இருப்பது கண்மாய்க்குள் நிற்கும் ஜே.சி.பி., ஆனால் தண்ணீர் வருவது கால்வாய் வழியாக. கையில் இருக்கும் பணத்தில் முதலில் கால்வாயைச் சீர்செய்யுங்கள், பிறகு மடையும் மிகுதி நீர் வழியும் கலுங்கும், தூர்வாருவது கடைசி.

மீதிப் பணத்துக்கு: மக்கள் தங்கள் பங்கைக் கட்டினால் அரசு மீதியைப் போடும் "நமக்கு நாமே" திட்டத்தை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பீடு தயாராகி ஆட்சியரின் ஒப்புதல் வரும்வரை நீங்கள் திரட்டிய தொகையில் கை வைக்காதீர்கள், முன்பே செலவழித்ததைப் பங்காகக் காட்ட முடியாமல் போகும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை "வயலகம்" என்ற பெயரில் கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாக்கிப் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறது. அவர்களிடம் மதிப்பீடு போடக் கற்றுக்கொள்வதே பெரிய உதவி. வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன், கண்மாய் காய்ந்திருக்கும் கோடையில் முடியுங்கள். அனுமதி கேட்கும் கடிதத்தை ஜனவரியிலேயே கொடுத்தால்தான் அது நடக்கும்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறேன், வயது 24. ஃபெல்லோஷிப் போகலாமா? வீட்டில் "இது வேலையா, படிப்பா?" என்று கேட்கிறார்கள். – வாசகி, செல்லூர்

இரண்டும் கலந்தது. ஊக்கத்தொகையோடு ஒன்றிரண்டு ஆண்டு களத்தில் நின்று கற்பது. ஃபெல்லோஷிப் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வகை இருக்கிறது. ஒன்று உங்களைப் போலத் தொடங்குகிறவர்களுக்கு. பாரத ஸ்டேட் வங்கியின் யூத் ஃபார் இந்தியா 13 மாதம், 21 முதல் 32 வயதுப் பட்டதாரிகளுக்கு, கிராமத்தில் தங்கிச் செய்வது. காந்தி ஃபெல்லோஷிப், டீச் ஃபார் இந்தியா இரண்டும் 2 ஆண்டு. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் 2 ஆண்டுதான், ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பு வராது. இன்னொரு வகை அசோகா போன்றவை, ஏற்கெனவே தன் யோசனையை நடத்திக் காட்டியவர்களுக்கு. அதற்கு இப்போது விண்ணப்பிப்பது உங்கள் நேரத்துக்கு நட்டம்.

வெளியூர் போக வீட்டில் தயங்கினால், மதுரைக்குப் பக்கத்திலேயே தானம் அறக்கட்டளையின் அகாடமியில் வளர்ச்சி மேலாண்மையில் 2 ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. சின்னாளபட்டி அருகே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

சேருமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை: தங்குமிடம் யார் பொறுப்பு, பெண்கள் தனியாக இருக்கும் இடமா, மருத்துவக் காப்பீடு உண்டா, இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்வார்களா, ஊக்கத்தொகை எந்தத் தேதியில் வரும். கட்டுரையில் "சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். களப்பணியில் நீங்கள் பார்த்த ஒரு தெரு, ஒரு பிரச்சினை, நீங்கள் செய்து பார்த்தது, பலிக்காமல் போனது, இவற்றை எழுதுங்கள். செல்லூரில் கைத்தறி நின்ற வீடுகளைப் பற்றி எழுதக்கூடியவர்கள் அந்த அறையில் உங்களைத் தவிர அநேகமாக இருக்க மாட்டார்கள். விண்ணப்பத்துக்கு "பதிவுக் கட்டணம்" கேட்டு யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா எங்கள் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார். வாங்கலாமா? – வாசகர், திருமங்கலம்

அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலையும், "என் சொந்தச் சேமிப்பு" என்ற கடிதத்தையும் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். அந்தப் பதிவுக்கு அமைப்பு 3 ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் பணிக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும், பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். பதிவுள்ள வேறொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பின் முடியாது. "நாங்கள் வாங்கித் தருகிறோம், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று வருகிறவர்களை நம்பி அறக்கட்டளையை இழந்துவிடாதீர்கள். சித்தப்பா அமெரிக்கக் குடிமகன் என்றால், இப்போதைக்கு அவர் பணத்தை விட்டுவிட்டு அவரிடம் நேரத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதித் தருவதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.